கவலை விசுவாசக் குறைவா?

விசுவாசம் இருக்கிறவருக்குக் கவலை வராது என்கிறார்கள். வந்தால் விசுவாசம் போதவில்லையாம். ஜெபித்த பிறகும் அது போகவில்லை என்றால் உள்ளே அறிக்கையிடாத பாவம் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் பிசாசின் கட்டு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் நடுவே இவ்வளவு வேரூன்றிய இன்னொரு போதனையை நான் பார்த்ததில்லை. பெந்தெகொஸ்தே சபையின் உபவாச ஜெபத்தில் இதை உரக்கச் சொல்கிறார்கள், சி.எஸ்.ஐ. ஆலயத்தின் பெண்கள் ஐக்கியத்தில் மெதுவாகச் சொல்கிறார்கள். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய கையோடு, விதவையின் காதருகே குனிந்து சொல்கிறார்கள். நான் சபைக்குள் இருப்பவன், ஜெபிக்கிறவன். கர்த்தரை நம்புவதில் இளைப்பாறுதல் உண்டு என்று மனதார விசுவாசிக்கிறவன். அதனாலேயே இந்தப் போதனையை மறுக்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் தரப்பை முதலில் முழுமையாக வைக்கிறேன். மலைப்பிரசங்கத்தில், மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், உணவுக்காகவும் உடைக்காகவும் நாளைக்காகவும் கவலைப்பட வேண்டாம் என்று இயேசு திரும்பத் திரும்பச் சொல்கிறார். விதைக்காத பறவைக்கும் நூற்காத காட்டுப்பூவுக்கும் படியளக்கிற பிதா உங்களை விட்டுவிடுவாரா என்று கேட்கிறார். கவலையில் அமிழ்ந்துபோகாமல் எல்லாவற்றையும் ஜெபத்தில் தெரிவிக்கும்படி பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். கவலைகளைக் கர்த்தர்மேல் போட்டுவிடச் சொல்கிறார் பேதுரு. இவை கட்டளைகள். கட்டளையை மீறுவது பாவம். ஆகவே கவலை பாவம். அதோடு, சுமை சுமப்பவர்களுக்கு இளைப்பாறுதல் தருவதாக இயேசுவே வாக்குக் கொடுத்திருக்கிறார். அவர் வாக்குத் தவறுகிறவர் இல்லை. எனவே இளைப்பாறுதல் கிடைக்கவில்லை என்றால் குறை பெறுகிறவரிடம்தான் இருக்க வேண்டும். இதற்கு அனுபவச் சான்றும் காட்டுவார்கள். குடிகாரக் கணவனோடும் கடனோடும் போராடிக்கொண்டே, ஒரு பைபிளையும் வீட்டு ஜெபக் குழுவையும் பற்றிக்கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கிய பெண்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தாங்கியவை இந்த வசனங்கள்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாதம் ஒழுங்காகத்தான் தெரிகிறது. வேதாகமத்தை முழுதாகத் திறந்து வைத்து வாசித்தால் அதில் ஒரு படிகூட நிற்காது.

1. எலியாவுக்கு விசுவாசம் இல்லையா? கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர் அவர். அடுத்த அதிகாரத்திலேயே அரசி யேசபேலுக்குப் பயந்து ஓடுகிறார். வனாந்தரத்தில் ஒருநாள் பயணத் தூரம் போய், ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாவு வந்தால் போதும் என்று கேட்கிறார். கர்த்தர் அனுப்பிய தூதன் அவருக்கு என்ன பிரசங்கம் செய்தான்? ஒன்றுமே செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். எலியா தின்றுவிட்டு மறுபடியும் படுத்துத் தூங்கினார். தூதன் இரண்டாம் முறையும் தட்டி எழுப்பிச் சாப்பிடவைத்தான், போக வேண்டிய தூரம் அதிகம் என்பதால். இங்கே உனக்கு என்ன வேலை என்று கர்த்தர் கேட்டது, நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்த பிறகுதான். அப்போதும் அவிசுவாசி என்று கடிந்துகொள்ளவில்லை. அடுத்து செய்ய வேண்டியதைச் சொன்னார், துணைக்கு எலிசாவைக் கொடுத்தார். மனம் உடைந்தவரைக் கர்த்தர் எப்படி நடத்துகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேதத்தில் இல்லை. நாமோ தூதன் செய்ததை விட்டுவிட்டு, அவன் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எரேமியா தான் பிறந்த நாளைச் சபித்தார். சங்கீதம் 88 இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. வேறு பல புலம்பல் சங்கீதங்களின் கடைசியில் வருகிற துதி அதில் கிடையாது. அதை வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. இவர்கள் எல்லாரும் பலவீனமான மனிதர்கள் என்று சொல்லித் தள்ளிவிடலாம் என்றால், கெத்செமனேயை என்ன செய்வது? பாவமே செய்யாதவர் என்று நாம் அறிக்கையிடுகிற ஆண்டவர், மரணத்தை எட்டும் துக்கம் தம்மை அழுத்துவதாகச் சீஷர்களிடம் சொன்னார். மூன்று பேரைக் கூட அழைத்துப்போய்த் தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். அவர் சுமந்தது உலகத்தின் பாவம், அதனால் வந்த வியாகுலம் அது, நம்முடைய கவலையோடு ஒப்பிடக்கூடாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், காரணம் வேறு. ஆனால் கலக்கம் என்பதே அவிசுவாசத்தின் அடையாளம் என்பதுதானே உங்கள் விதி? அந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தாலும் அது விதியாக நிற்காது. இங்கே விலக்காக நிற்பவர் கிறிஸ்து.

2. அற்பவிசுவாசிகள் என்று இயேசுவே சொல்லவில்லையா? சொன்னார். எதிர்த்தரப்பின் மிக வலுவான ஆதாரம் இதுதான், இதைத் தாண்டிப் போய்விட எனக்கு உரிமையில்லை. மத்தேயு 6இல் நாளைய உடையைப் பற்றிக் கவலைப்படுகிற சீஷர்களை அவர் அப்படித்தான் அழைக்கிறார். சரி, அற்பவிசுவாசிகளை அவர் என்ன செய்தார் என்றும் பார்க்க வேண்டாமா? புயலில் அலறிய சீஷர்களைக் கடிந்துகொண்டார், உடனே எழுந்து காற்றையும் கடலையும் அமர்த்தினார். உங்கள் விசுவாசம் பெருகட்டும், அதுவரை படகு ஆடட்டும் என்று படுத்துக்கொள்ளவில்லை. தண்ணீரில் மூழ்கத் தொடங்கிய பேதுருவிடம் ஏன் சந்தேகப்பட்டாய் என்று கேட்டார்; கேட்பதற்கு முன்பே கையை நீட்டிப் பிடித்துவிட்டார். மாற்கு 9இல் வருகிற தகப்பன் அரை விசுவாசத்தோடு வந்தவன். விசுவாசிக்கிறேன் என்று சொன்ன அதே மூச்சில் தன் அவிசுவாசத்துக்கும் உதவி கேட்டான். அவனுடைய மகன் அன்றைக்கே சுகமானான். விசுவாசத்தின் அளவைக் காரணம் காட்டி அவர் திருப்பி அனுப்பிய நோயாளியைச் சுவிசேஷங்களில் தேடிப் பாருங்கள். அப்படி ஒருவரும் இல்லை.

அடுத்து பவுல். ஜெபத்தைப் பற்றிய அந்த வசனம் பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எத்தனை பேர் சேர்த்து வாசிக்கிறோம்? பிலிப்பியர் தன்னிடம் அனுப்பிய எப்பாப்பிரோதீத்து நோயில் விழுந்து சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியதை எழுதும் பவுல், அவன் இறந்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்கிறார். அவனை ஊருக்கு அனுப்பிவைத்தால் தன்னுடைய துக்கமும் குறையும் என்கிறார். கொரிந்தியருக்கு எழுதுகையில், தான் பட்ட அடிகளையும் கப்பற்சேதங்களையும் பசியையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, எல்லாச் சபைகளைப் பற்றிய கவலையும் நாள்தோறும் தன்னை நெருக்குவதாகச் சேர்த்துக்கொள்கிறார். கவலை என்றால் என்னவென்று அறிந்த ஒருவர், அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று மற்றவர்களுக்கு வழிசொல்கிறார். அந்த வழிகாட்டுதலை நாம் குற்றப்பத்திரிகையாக்கிவிட்டோம்.

3. மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசமா? இந்தப் போதனை உயிரோடு விளையாடுகிற இடம் இதுதான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிற போதகர், மனச்சோர்வுக்கு மாத்திரை போடுகிற பெண்ணிடம் மட்டும் கர்த்தரை நம்பி அதை விட்டுவிடச் சொல்கிறார். கணையத்துக்கு மருந்து தருவது கர்த்தரின் கிருபை, மூளைக்கு மருந்து தருவது அவிசுவாசம் என்று வேதத்தில் எங்கே பிரித்திருக்கிறது? அவள் நிறுத்துகிறாள். சில வாரங்கள் நன்றாகவே இருக்கும். சபையில் சாட்சி சொல்லவைக்கிறார்கள். பிறகு நோய் முன்னைவிட வேகமாகத் திரும்புகிறது. அப்போது என்ன சொல்கிறார்கள்? விசுவாசத்தில் நிலைத்திருக்கவில்லை என்கிறார்கள். இந்தப் போதனையைத் தோற்கடிக்க வழியே கிடையாது என்பதைக் கவனியுங்கள். சுகமானால் விசுவாசம் ஜெயித்தது, சுகமாகாவிட்டால் அவள் தோற்றாள். எந்த முடிவு வந்தாலும் போதித்தவர்மேல் பொறுப்பு விழாது. மனச்சோர்வு ஆளைக் கொல்லக்கூடிய நோய் என்பதை அறிந்த எவரும் இப்படிப் பேசத் துணியக்கூடாது.

தேவாலயத்தின் உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றவன் யார்? அவன் வேதத்திலிருந்தே ஆதாரம் காட்டினான், அதுவும் நம் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கிற 91ஆம் சங்கீதத்திலிருந்து. அதை நம்பிக்கை என்று இயேசு ஏற்கவில்லை, தேவனைப் பரீட்சை பார்ப்பது என்று மறுத்தார். பவுலின் உடன் ஊழியனாகிய லூக்கா வைத்தியன். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் சொன்னது உபவாசமில்லை, கொஞ்சம் திராட்சரசம். துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாக அவர் வெட்கப்படாமல் எழுதுகிறார். 1527இல் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, ஊரைவிட்டு ஓடாமல் நோயாளிகளோடு தங்கினார் மார்ட்டின் லூத்தர். அதே லூத்தர் அப்போது எழுதிய திறந்த கடிதத்தில், கர்த்தர் காப்பார் என்று சொல்லிக்கொண்டு மருந்தை ஒதுக்குகிறவர்கள் தேவனைப் பரீட்சை பார்க்கிறார்கள் என்றார். மருந்து சாப்பிடு, வீட்டுக்குப் புகைபோடு, தேவையில்லாத இடத்துக்குப் போகாதே என்று பட்டியலிட்டார்.

நம் நாட்டுக்கு வருவோம். நெய்யூரிலும் வேலூரிலும் மருத்துவமனை எழுப்பியவர்கள் யார்? ஜெபிக்கத் தெரியாதவர்களா? ஐடா ஸ்கடர் 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியது விசுவாசக் குறைவாலா? அந்த நிறுவனமே பாகாயத்தில் மனநல மருத்துவத்துக்கென்று தனி மையம் நடத்திவருகிறது. நம் முன்னோர் காணிக்கை கொடுத்து வளர்த்த ஊழியத்தை, பிள்ளைகளாகிய நாம் அவிசுவாசம் என்கிறோம்.

4. யாரை அழைத்தார்? மத்தேயு 11இன் கடைசியில் இருக்கிற அந்த அழைப்பு, களைத்துப்போனவர்களுக்கும் சுமையைத் தாங்க முடியாதவர்களுக்கும் விடுக்கப்பட்டது. சுமையை எங்கேயாவது இறக்கிவைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வரச் சொல்லவில்லை. அந்த அழைப்புக்கு வேண்டிய ஒரே தகுதி களைப்புதான். வந்தவர்களுக்கு அவர் கொடுப்பதும் ஒரு நுகம். இலகுவான நுகம்தான், ஆனாலும் அது வேலைக்குப் பூட்டுகிற நுகம். பிரச்சினையற்ற வாழ்க்கையை அந்த இடத்தில் அவர் வாக்களிக்கவில்லை. தனியாக இழுக்க வேண்டியதில்லை என்றுதான் வாக்களித்தார்.

அடுத்த அதிகாரம் எங்கே தொடங்குகிறது? ஓய்வுநாளில். பசித்துக் கதிர் கொய்த சீஷர்களைப் பரிசேயர் குற்றம் சாட்டுகிறார்கள். சூம்பின கையுள்ளவனை அன்றைக்குச் சுகமாக்கலாமா என்று கேட்கிறார்கள். ஓய்வுக்கென்று கொடுக்கப்பட்ட நாளையே மக்கள் முதுகில் ஏற்றிவைத்திருந்த ஒரு மத ஒழுங்கைப் பார்த்துத்தான் இயேசு தம்மிடம் வரச் சொன்னார். இன்று நாம் செய்வது அதையேதான். அவர் இலவசமாகக் கொடுத்த இளைப்பாறுதலைச் சட்டமாக்கி, அது உன்னிடம் தெரிகிறதா, முகத்தில் சமாதானம் இருக்கிறதா என்று சோதிக்கிறோம். ஏற்கெனவே கவலையில் இருக்கிறவருக்கு, கவலைப்படுகிறோமே என்ற கவலையையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறோம்.

இந்தப் போதனை எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி, அமெரிக்காவில் இ. டபிள்யூ. கென்யன், அவருக்குப் பின் கென்னத் ஹேகின் ஆகியோர் வழியாகப் பரவிய போதனை. விசுவாசம் என்பது ஒரு சக்தி, வாயினால் சரியாக அறிக்கை செய்தால் அது வேலைசெய்யும், தவறாகப் பேசினால் எதிராக வேலைசெய்யும் என்பது அதன் சாரம். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், அப்படி அறிக்கை செய்யாதீர்கள் என்று பதறித் தடுக்கிறார்கள். சங்கீதக்காரரின் வாயை யார் மூடுவது? கிரியையினால் அல்ல, விசுவாசத்தினாலே என்று முழங்கிய சீர்திருத்தத் திருச்சபையின் பிள்ளைகளே, விசுவாசத்தையே அளந்து மதிப்பெண் போடுகிற ஒரு கிரியையாக்கிவிட்டார்கள். கடுகளவு போதும் என்றார் ஆண்டவர். நம்பப்படுகிறவர் பெரியவராக இருக்கையில், நம்புகிறவரின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று அளந்து என்ன ஆகப்போகிறது?

5. இந்த அளவுகோலால் பரிசுத்தவான்களை அளந்து பார்ப்போமா? திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் எல்லாருக்கும் தெரியும். அங்கே பெண்குழந்தைகளை மீட்டு வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே வலியோடு வாழ்ந்தார். அவருக்காக ஜெபிக்க ஆள் இல்லாமலா போனது? அவர் வளர்த்த ஒரு கிராமமே ஜெபித்தது. அந்த அறையிலிருந்துதான் பல புத்தகங்களை எழுதினார். மேரி வர்கீஸ் வேலூரில் இளம் மருத்துவராக இருக்கையில், 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். மறுபடி நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பிறகு, தம்மைப் போல் முடங்கியவர்களுக்கான மறுவாழ்வு மருத்துவத்தை அதே ஊரில் வளர்த்தெடுத்தார். லண்டனில் ஆயிரக்கணக்கானோர் கேட்க வந்த பிரசங்கியார் ஸ்பர்ஜன், 1856இல் தம் கூட்டத்தில் எழுந்த பொய்க் கூச்சலால் நெரிசல் ஏற்பட்டு 7 பேர் இறந்த பிறகு நிலைகுலைந்தார். வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வந்த மனச்சோர்வைப் பற்றித் தம் மாணவர்களிடமே மறைக்காமல் பேசினார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் தேவனின் பிரசன்னத்தை உணராமலேயே ஊழியம் செய்தது உலகத்துக்குத் தெரிந்தது. இவர்களுக்கெல்லாம் விசுவாசம் போதவில்லை என்று சொல்ல ஆயத்தமாக இருக்கிறவர் முன்னே வரட்டும். ஆயத்தமில்லை என்றால், தெருக்கோடி வீட்டில் தூக்கம் வராமல் புரளுகிற சகோதரிக்கு மட்டும் அதை ஏன் சொல்கிறோம்?

6. சுமையை ஏற்றியவர்களை ஏன் கேட்பதில்லை? எனக்கு மிகுந்த கோபம் வருகிற இடம் இது. அதிகாலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்குப் போய்த் திரும்பி, மாமியாருக்குப் பணிவிடை செய்து, இரவு ஜெபத்தில் கண்ணயர்கிற பெண்ணுக்கு ஆவிக்குரிய சோர்வு என்று பெயர் வைக்கிறோம். அவளுக்கு வந்திருப்பது உடம்புச் சோர்வு. மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட முடியாமல், வசூலுக்கு வருகிறவரின் வண்டிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறவருக்கு ஒரு வாக்குத்தத்த வசனத்தைக் கொடுத்துவிட்டு ஐக்கியக் காணிக்கை வாங்கிக்கொள்கிறோம். அவருடைய கவலைக்கு ஒரு தொகை இருக்கிறது, ஒரு தேதி இருக்கிறது, காரணமான ஒரு வட்டி விகிதமும் இருக்கிறது. அதைத் தீர்க்க வேண்டியது அவருடைய விசுவாசம் மட்டும்தானா?

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றியதை எடுத்து வாசியுங்கள். நீ ஓய்ந்திரு என்பதோடு அது நிற்கவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கிற அந்நியன் எல்லாரும் ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது. நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாயே என்று உபாகமம் காரணமும் சொல்கிறது. அப்படியானால் இளைப்பாறுதல் என்பது உள்ளத்துக்குள் நடக்கிற சங்கதி மட்டுமே இல்லை. அது கூலியிலும் வேலைநேரத்திலும் தொடங்குகிறது. கிறிஸ்தவ முதலாளியும், கிறிஸ்தவப் பள்ளி நிர்வாகமும், கிறிஸ்தவக் கணவனும் அதற்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர்கள். எருசலேம் சபையில், தினசரிப் பந்தியில் தங்கள் விதவைகள் விடுபடுவதாக ஒரு தரப்பார் முறையிட்டார்கள். முறுமுறுக்காமல் கர்த்தரை நம்புங்கள் என்று அப்போஸ்தலர் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர்களோ ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, பந்தியை ஒழுங்குபடுத்தினார்கள். ஆடையும் ஆகாரமும் இல்லாதவரைச் சமாதானத்தோடு போகச் சொல்லி வெறுங்கையோடு அனுப்புகிறவரின் விசுவாசத்தை யாக்கோபு செத்தது என்கிறார். கவலைப்படுகிறவரின் விசுவாசத்தை அவர் எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை.

அப்படியானால் விசுவாசத்தால் என்ன பயன், நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 88ஆம் சங்கீதத்தை எழுதியவர் இருட்டிலேயே முடிக்கிறார், ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கர்த்தரை நோக்கியே பேசுகிறார். வேறு யாரிடமும் போகவில்லை, வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. நம்பிக்கை என்று நான் அறிந்தது அதுதான். பயம் இருக்கும்போதே அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போகலாம். அழலாம், வாதாடலாம், ஏன் இன்னும் கேட்கவில்லை என்று கேட்கலாம். அதற்காக அவர் நம்மைத் தள்ளுவதில்லை. நாளைய தினத்தைச் சுமக்க வேண்டியவர் வேறொருவர் என்பதால், இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் தூங்கப் போகலாம். தூக்கம் வராவிட்டால் டாக்டரைப் பார்க்கலாம். அந்த இரவிலும் அவர் கைவிடவில்லை என்று அறிந்திருப்பதே இளைப்பாறுதல். அது உணர்ச்சியாக வந்தால் நன்றி சொல்வேன். வராத நாளிலும் அது என்னுடையதுதான், ஏனென்றால் அதைத் தாங்கிப் பிடித்திருப்பது என்னுடைய மனநிலை இல்லை.

ஆகவே போதகர்களிடம் கேட்கிறேன். மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. அந்த வார்த்தையை இனி எந்த வீட்டிலும் சொல்லாதீர்கள். துக்க வீட்டில் அழுகிறவர்களை அழவிடுங்கள். லாசருவின் கல்லறையருகே ஆண்டவரும் அழுதார், அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அறிந்திருந்தும். கடனில் இருக்கிறவருக்கு ஜெபித்த பிறகு, கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு மூப்பரை அவரோடு உட்காரவையுங்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சுகமானவர்களும் வேலை கிடைத்தவர்களும் வீடு கட்டியவர்களும் சாட்சி சொல்வார்கள். சொல்லட்டும், நானும் அவர்களோடு சேர்ந்து துதிப்பேன். அதே வரிசையில், இன்னும் சுகமாகாதவரையும் நிறுத்துங்கள். இந்த வருஷமும் மாத்திரை சாப்பிட்டேன், இந்த வருஷமும் பயந்தேன், இந்த வருஷமும் ஜெபித்தேன் என்று அவர் சொல்லட்டும். அதையும் சாட்சி என்று ஏற்று, சபையார் எல்லாரும் ஆமென் சொல்லுங்கள்.